படகுக்கும் காஷன் ஆர்டர் வேண்டும்

அடுத்த சங்கப் பிக்னிக்கில் படகுச் சவாரி என்று மகர்பட்டா அன்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தேக்கடி ஞாபகம் வருகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் திரண்டதாகச் செய்தி. பயணிகளைக் குற்றம் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். வேடிக்கை பார்க்கத்தானே போகிறோம்? எல்லோரும் ஒரு பக்கம் வருவார்கள் என்று கணக்கிட்டே படகைக் கட்டியிருக்க வேண்டும்.

பணக்காரர் கப்பலும் விலக்கல்ல. 2024 ஆகஸ்டில் சிசிலித் தீவருகே 56 மீட்டர் நீளமுள்ள 'பேஸியன்' என்ற உல்லாசப் பாய்மரக் கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது புயற்காற்றில் சாய்ந்தது. 15 விநாடிக்குள் 90 பாகை! மாடிப்படி வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. 7 பேர் மாண்டனர். பாய்களை இறக்கி, அடிப்பலகையைத் தூக்கிய நிலையில் சுமார் 70 பாகைக்கு மேல் சாய்ந்தால் அது நிமிராது. மணிக்கு 117 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பக்கக்காற்றே கவிழ்த்துவிடலாம் என்று 2025-இல் பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் கணக்கிட்டார்கள். கப்பலிலிருந்த கையேட்டில் இந்த விவரமே இல்லையாம்!

ரயில்வேயில் ஒரு பாலம் பலவீனம் என்றால், காஷன் ஆர்டர் டிரைவர் கைக்குப் போகாமல் வண்டியை விடமாட்டோம்.

கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். மேல்தளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே படகுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.