கன்று எத்தனை அடி?

ஐப்பசி நடவுக்கான விசாரிப்பு ஆடியிலேயே தொடங்கிவிடுகிறது. நாட்டு மரக் கன்று வளர்க்கும் நர்சரி எதற்கு அழைப்பு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கன்று எத்தனை அடி? அடுத்தது விலை. விதை எங்கே எடுத்தது, பையில் எவ்வளவு காலமாக நிற்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரிது. கொள்முதல் அறிவிப்புகள் பலவற்றிலும் தரம் என்ற தலைப்பின்கீழ் முதலில் வருவது உயரம். நம் விலைப்பட்டியலும் அதற்கேற்ப இரண்டடிக்கு இவ்வளவு, நான்கடிக்கு இவ்வளவு என்றே அச்சாகிறது. இயற்கை முறையில் காட்டு மரம் வளர்க்கும் நாம் முதலில் கைவிட வேண்டியது இந்த அடிக்கணக்கை என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. அடிக்கணக்கை வைத்துக்கொண்டு யூரியாவை மட்டும் விட முடியாது.

சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டை எடுத்துக்கொள்வோம். மரக்காணத்துக்குத் தெற்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டிலும் கோடியக்கரையிலும் அதன் மிச்சம் இருக்கிறது. வீரை, காசான், பாலை ஆகியவைதான் அந்தக் காட்டைத் தாங்கும் மரங்கள். மூன்றுமே மெதுவாக வளர்பவை. விதைத்து ஓராண்டு கழித்தும் பல கன்றுகள் சாண் உயரத்தில்தான் நிற்கும். பக்கத்துப் பாத்தியில் அதே நாளில் போட்ட புங்கன் இடுப்பளவு வந்திருக்கும். அடிக்கு விலை என்றால் வீரை வளர்ப்பவர் புங்கன் வளர்ப்பவரைவிடக் கூடுதல் தண்ணீரும் கூலியும் செலவழித்து, அவரைவிடக் குறைவாகச் சம்பாதிப்பார். அடுத்த ஆண்டு அவரும் புங்கனுக்கு மாறுவார். நம் நர்சரிகளில் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு மரங்கள் நிற்பதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, விலை போடும் முறை.

இதே பாலையைச் சப்போட்டா ஒட்டுக் கட்டுபவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்குப் பாலைதான் வேர்ச்செடி. தண்டு ஒட்டுக் கட்டும் பருமனுக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். முகம் சுளிக்காமல் காத்திருக்கிறார்கள். ஒட்டுக்கன்றின் விலைக்குள் அந்தக் காத்திருப்புக்கான கூலியும் இருக்கிறது. வாங்குபவரும் அதைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார். பாலை தன் பெயரிலேயே காட்டு மரமாக விற்பனைக்கு வரும்போது மட்டும் அந்த இரண்டு ஆண்டுக்கு ஏன் விலை இல்லாமல் போகிறது? வாங்குபவரிடம் நாம் அதைச் சொன்னதில்லை என்பதே காரணம்.

உயரம் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில்தான் யூரியாத் தண்ணீரும் ‘19 ஆல்’ எனப்படும் 19:19:19 உரமும் நர்சரிக்குள் வருகின்றன. இரண்டு வாரத்தில் இலை கறுத்துத் தண்டு நீளும். அந்தத் தண்டு இளசு. அதைத் தாங்கும் வேர் அந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. தழைச்சத்து மிகுந்தால் புங்கன், உசிலை போன்றவற்றின் வேர்முடிச்சு குறையும். மணிச்சத்து மிகுந்தால் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை விலகிவிடும். நட்ட பிறகு உரம் கொடுக்க ஆள் இல்லாத புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் கன்றுக்குத் துணை அந்த முடிச்சும் பூஞ்சையும்தான். பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்கும் கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால் இது புரியும்.

அல்லது இப்போதே உங்கள் நர்சரியில் ஓராண்டுக்கு மேல் நிற்கும் ஒரு கன்றை எடுத்துப் பையை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். வழுவழுப்பான பாலிதீனில் ஆணிவேர் அடியைத் தொட்டதும் திரும்பிச் சுற்றத் தொடங்கும். இரண்டு மூன்று சுற்று சுற்றிய வேர், மண்ணில் நட்டாலும் சுற்றிக்கொண்டே தடிக்கும். அந்த மரம் பத்தாண்டு கழித்து ஒரு புயலில் அடியோடு சாயும்போது நர்சரியை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நமக்குத் தெரியும் அல்லவா? பையைத் தரையில் வைக்காமல் கம்பி வலைப் பலகை மேல் வைத்தால் அடித்துளை வழியாக வெளியே வரும் வேர் காற்றுப்பட்டுத் தானாகவே கருகி, உள்ளே பக்க வேர் பிடிக்கும். செலவு ஒரு முறைதான். ஊட்டத்துக்கு நன்றாக மக்கிய தொழுஉரம் போதும். மக்காத சாணம் வெண்புழுவையும் கரையானையும் பைக்குள் கொண்டுவரும். பிறகு மருந்து தேட வேண்டியிருக்கும். நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி நல்லது. மாலைத் தண்ணீரைக் குறைப்பது அதைவிட நல்லது.

விதையிலும் வேகத்தின் தொல்லை உண்டு. கொன்றை விதையின் தோல் கெட்டி என்பதால் அடர் கந்தக அமிலத்தில் நனைப்பது வனவியல் வழக்கம். விதையின் விளிம்பில், கருமுனையைத் தவிர்த்து, நகவெட்டியால் சிறிது சீவி இரவு முழுக்க ஊறவைத்தாலும் முளைக்கும். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் சொரசொரப்பான கல்லில் உரசலாம். கூலி கூடும், உண்மைதான். அந்தக் கூலியும் விலைக்குள் வர வேண்டும். நாவல், இலுப்பை, வேம்பு போன்றவற்றுக்கு வேறு நியாயம்: பழம் விழுந்த சில நாளில் விதைத்தாக வேண்டும், உலர்த்தி டப்பாவில் அடைத்தால் சில வாரத்தில் உயிர் போய்விடும்.

இலை ஓட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொன்றையில் வெள்ளையன் வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். மாவிலங்கத்துக்கும் குருந்துக்கும் அவற்றுக்கு உரிய பூச்சிகள் உண்டு. 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு, நீரடிமுத்து இன மரங்களின் இலையைத் தின்று வளர்வது. நாட்டு மரம் நட விரும்புபவர் பெரும்பாலும் இவை வர வேண்டும் என்றே நடுகிறார். அவருக்கு ஓட்டை இல்லாத இலையைக் காட்டுவதற்காக நாம் புழுவைக் கொல்கிறோம். இங்கே வேப்பெண்ணெய் தெளித்தாலும் அதே கொலைதான்; அனுமதிக்கப்பட்ட இடுபொருள் பட்டியலில் இருக்கிறது என்பது சமாதானம் ஆகாது. இலை தின்னப்பட்ட கன்று மூன்று, நான்கு வாரத்தில் துளிர்த்துவிடும். முளைத்துச் சில இலையே விட்ட பிஞ்சு நாற்றை வலைக்குள் வையுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். வாங்க வருபவருக்கு அந்தப் புழுவையே காட்டி விற்கலாம்.

சான்றிதழ் வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் நாட்டின் இயற்கை வேளாண் சான்று முறைகள் உணவுப் பயிரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; என்ன தெளித்தாய் என்று கேட்குமே தவிர, விதை எந்தக் காட்டின் வழி வந்தது என்பது அவற்றின் முதல் கவலை அல்ல. நமக்கு அதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி விதை எடுப்பது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டில் தானாக முளைத்த நாற்றைப் பிடுங்கிப் பையில் வைத்து, நர்சரியில் வளர்த்ததாக விற்பது அதைவிடக் கேவலம். அந்தக் கன்றுக்குப் பஞ்சகவ்யம் தெளித்தால் அது இயற்கை முறை ஆகிவிடாது. வரப்பு, ஏரிக்கரை, சாலையோரம், ஊர் இசைந்தால் கோயில்காடு என்று வெளியே தாய்மரங்கள் இருக்கின்றன. ஒற்றை மரத்தின் அடியில் ஒரு மூட்டை அள்ளாமல், தள்ளித் தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஊர், மரம், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பறவைக்கும் பழம் மிஞ்ச வேண்டும்.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. அரசு நாற்றங்கால்கள் பெருக்கித் தரும் மரங்களில் விலையை வைத்து நாம் போட்டியிட முடியாது, தேவையும் இல்லை. காசான், வீரை, குருந்து, களா, சூரை, காட்டுக் கொடிகள் என்று கேட்டு வருபவருக்குக் கொடுக்க ஆள் குறைவு. புதரும் கொடியும் சேர்ந்த தொகுப்பாக விற்கும் நர்சரிக்கு அங்கே இடம் இருக்கிறது.

இந்தப் பருவத்து விலைப்பட்டியல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். உயரம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, வயது, விதை எடுத்த ஊர், பையில் இருந்த மாதங்கள் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். வயதுக்கு விலை வையுங்கள். யாராவது எத்தனை அடி என்று கேட்டால் ஒரு பையைக் கீறி வேரைக் காட்டிவிட்டு விலையைச் சொல்லுங்கள். மாற்றிய பட்டியலை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.