கருவுக்குள் ஒரு குடியிருப்பாளன்

கொப்புளிப்பான் மாறியபின்னும் அதன் வைரசு உடலை விட்டு அகல்வதில்லை. நரம்பிலே பதுங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படுவதும் உண்டு. வந்த இடத்தில் நிலைத்துவிடுதல் ஹேர்பிசுக் குடும்பத்து வைரசுகளுக்கே உரிய குணம். அக்குடும்பத்து எப்ஸ்ரைன்-பார் வைரசு, உலகில் வளர்ந்தோருட் பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோரிடம் குடிகொண்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் அதை அறியாமலே ஆயுளைக் கழிக்கின்றனர். இஃது எங்ஙனம் இயலுகின்றது?

உகண்டாவிற் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிற், அந்நாட்டுச் சிறுவரின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயைப் பற்றி 1958 இல் எழுதினார். 1961 இல் இலண்டனில் அவருடைய விரிவுரையைக் கேட்ட அந்தனி எப்ஸ்ரைன், வைரசே காரணமாயிருக்கலாம் என ஐயுற்றார். உகண்டாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வந்தன. ஒரு நாள் மூடுபனியால் விமானம் மான்செஸ்ரரில் இறங்கிற்று. தாமதித்துக் கிடைத்த குப்பியின் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென்று வீசிவிடாமல் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அங்கே மிதந்தவை உயிருள்ள புற்றுக்கலங்கள்! அத்தகைய கலங்களை வளர்த்து, 1964 இல் அச்சொங், பார் ஆகியோருடன் வைரசை அவர் உலகுக்கு அறிவித்தார். பனிக்கும் இதிற் பங்குண்டு போலும்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. மிகச் சில கலங்களிலேயே வைரசுத் துணிக்கைகள் தென்பட்டன. ஏனையவற்றில் அது எங்கே? 1973 இல் ஸ்ரொக்ஹோமில் றீட்மன், கிளைன் ஆகிய இருவரும், வைரசுக்கெதிரான பிறபொருளெதிரிகளைக் கொண்ட மனிதக் குருதிப்பாயத்தைக் கலங்களின்மேல் இட்டனர். அவை பற்றிய இடம் ஒளிருமாறு சாயமும் சேர்த்தனர். கலத்தின் கரு ஒளிர்ந்தது. சூழவிருந்த குழியவுரு இருண்டே கிடந்தது. அங்கு ஒளிர்ந்த வைரசுப் புரதங்களுள் முதன்மையானதை இன்று ஈ.பீ.என்.ஏ.1 என்கின்றனர்.

கருவில் அதற்கு என்ன வேலை? வைரசின் டீ.என்.ஏ. ஒரு வளையமாகத் தனித்துக் கிடப்பது. கலம் பிரியும்போது கருவின் உறை கரைகின்றது. பற்றுக்கோடற்ற வளையம் வெளியே தவறிவிடலாம். இப்புரதமோ ஒரு முனையால் வளையத்தையும், மறு முனையால் நமது நிறமூர்த்தத்தையும் பற்றிக்கொள்கின்றது. நெரிசல்மிக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு கையாற் கம்பியையும் மறு கையாற் பையையும் பிடித்து நிற்பவரை நாம் காண்கிறோமல்லவா? அவ்வாறே நிறமூர்த்தம் போகுமிடமெல்லாம் வைரசும் போகின்றது. மகட்கலங்களுக்கும் பங்கு கிடைக்கின்றது.

இப்பயணி எப்போதும் சாதுவாய் இருப்பதில்லை. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த அறிஞர், இவ்வைரசு தொற்றியபின், நரம்புறைகள் சிதையும் 'மல்ற்றிப்பிள் ஸ்கிளெரோசிஸ்' நோய்க்கான அபாயம் 32 மடங்காகியது என 2022 இல் அறிவித்தனர். அந்நோயாளர் சிலரிடம், ஈ.பீ.என்.ஏ.1 ஐ எதிர்க்கும் பிறபொருளெதிரி மூளையின் புரதமொன்றையும் பற்றுவதாக அவ்வாண்டே வேறொரு குழுவினர் காட்டினர். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயிலும் இவ்வைரசுக்குத் தொடர்புண்டு. வளையத்தைப் பற்றியிருக்கும் அந்தக் கையை விடுவிக்கும் மருந்தொன்றை அந்நோயாளரிடம் சோதித்தும் பார்த்துள்ளனர்.