நிற்பவர் யார்? அமர்பவர் யார்?

செஞ்சியிலே பர்கர் கடை திறந்துவிட்டார்கள்!

செய்தி சொன்ன தோழரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டைச் சுவர் சரிந்துவிட்டது என்று சொல்ல ஓடி வந்தவர் போல இருந்தார். "ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தலைநிமிர்ந்து நிற்கும் ஊரிலே, ரொட்டியைப் பிளந்து, நடுவிலே ஒரு வடையை வைத்து, நூறு ரூபாய் கேட்கிறான்! பண்பாடு என்ன ஆவது?" என்று பொருமினார். பண்பாடு கெடுவது ரொட்டியாலா, வடையாலா, நூறு ரூபாயாலா என்று கேட்டோம். பதில் இல்லை. சரி, தின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வோம் என்று ஒரு சனிக்கிழமை மாலை நால்வர் புறப்பட்டோம். ஒருவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். ஒருவர் லாரி ஓட்டுபவர். ஒருவர் தையற்கடை வைத்திருப்பவர். நான்காம் ஆள், பேனா பிடிக்கும் நாம்.

கோட்டையை மாலையிலேயே அடைத்துவிடுகிறார்கள். நெற்களஞ்சியமும் கல்யாண மகாலும் இருட்டில் உறங்கப் போகும் நேரத்தில்தான் ஊர் விழிக்கிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை நம் ஊர் வழியாகத்தானே போகிறது! பௌர்ணமி இரவென்றால் கேட்கவே வேண்டாம். கிரிவலப் பேருந்துகள் விடிய விடிய ஓடும். போதாக்குறைக்கு, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்துவிட்டது. மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்று தலைப்பு. மகாராட்டிர மாநிலத்துக் கோட்டைகள் 11, அவற்றோடு நம் செஞ்சி ஒன்று. (கோனார் கட்டினார் என்கிறது ஊர், நாயக்கர் ஆண்டனர், 1677இல் சிவாஜி பிடித்தார், பிறகு மொகலாயர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். பட்டியலிலோ ஒருவர் பெயர்! அந்த வழக்கை இன்னொரு நாள் பேசுவோம்.) வெளியூரார் வருவார்கள் என்றால் புதுக் கடைகளும் வரத்தான் செய்யும்.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர்ந்த காற்று. சிவப்பு நாற்காலிகள். தையற்கடைத் தோழர் வாசலிலே ஒரு கணம் தயங்கினார். அவருடைய தாத்தா காலத்துக் கதை நமக்குத் தெரியும். கிளப்புக் கடையின் பின்புறம் நின்று, கொட்டாங்குச்சியில் ஊற்றியதைக் குடித்துவிட்டு, அதைத் தாமே கழுவி வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். பேரன் கதவைத் தள்ளினார். உள்ளே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். "எந்தத் தெரு?" என்று எவரும் கேட்கவில்லை. "என்ன வேண்டும்?" என்றுதான் கேட்டார்கள்.

தோழர்களே, அந்த ஒரு கேள்வி எளிதாக வந்ததா?

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலே பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறோர் இடம் என்று பலகை மாட்டியிருந்த நாடு இது. பயணச்சீட்டுக்கு எல்லோரிடமும் ஒரே காசு. இட்லிக்கு இரண்டு சாதி! அந்தப் பாகுபாடு ஒழிய 1941 வரை ஆயிற்று. 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் ஓட்டல்களுக்குள்ளும் பொதுக் கேளிக்கை இடங்களுக்குள்ளும் சாதியின் பெயரால் மதத்தின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. கேளிக்கை இடங்கள்! பர்கர் கடையும் இரவு விடுதியும் நம் ஊருக்கு வருமுன்பே அவற்றின் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் சட்டம் எழுதியவர்கள். ஆனால் ஏட்டிலே திறந்த கதவு வீட்டிலே திறந்ததா? 1957இலும் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளிஸ் கபே தன் பலகையிலே 'பிராமணாள்' என்று எழுதி வைத்திருந்தது. பெரியார் போர் தொடுத்தார். மாதக்கணக்கில் தொண்டர்கள் அணியணியாகப் போய் நின்றார்கள். நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தார்கள். 1958இல் அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கியது. ஒரு சொல்லை அழிக்க அத்தனை பேர் சிறை!

பர்கரைப் பெற்ற அமெரிக்கா மட்டும் என்ன வாழ்ந்தது? 1960 பிப்ரவரி 1ஆம் நாள், வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்போரோ நகரில், கருப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடைக்குள் போய் உணவு மேசையின் முன் அமர்ந்து காப்பி கேட்டனர். அந்தக் கடையில் கருப்பர் சாமான் வாங்கலாம்; பணம் கொடுக்கலாம்; நின்றுகொண்டு தின்னலாம். உட்காரக் கூடாது! காப்பி வரவில்லை. மாணவர்கள் எழவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து அமர்ந்தனர். ஊர் ஊராகப் பரவிற்று அந்த உட்காரும் போர். அதே ஆண்டு ஜூலையில் கடை பணிந்தது. திருவல்லிக்கேணியிலே நின்று வென்றார்கள். கிரீன்ஸ்போரோவிலே உட்கார்ந்து வென்றார்கள்.

ஆகவே, பர்கர் வந்தால் பண்பாடு போயிற்று என்று அழும் நண்பர்களுக்கு நாம் சொல்வது: அழாதீர்கள்! நம் குழம்பிலே காரம் தரும் மிளகாய் கடல் கடந்து வந்ததுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்படியே வந்தவைதான். வந்ததையெல்லாம் வாழவைத்த அடுப்பு நம் அடுப்பு. வெளிநாட்டுக் கடையும் இங்கே வந்தபோது நமக்கேற்ப மாறித்தான் வந்தது. 1996இல் டில்லியில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் கடையைத் திறந்தபோது, மாட்டிறைச்சியை விட்டுவிட்டல்லவா திறந்தது!

சுவை? அதையும் சொல்லிவிடுவோம். ரொட்டி சற்றே இனிப்பு. கோழி வடை மொறுமொறுப்பு. மேலே தடவிய வெள்ளைக் குழம்பு மூக்கிலும் ஒட்டிக்கொண்டது. நால்வருக்கும் சேர்த்து 460 ரூபாய். மூட்டை தூக்கும் தோழர் இரண்டே வாயில் முடித்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. சரி, சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?" என்றார்.

சாப்பாட்டுக்கு, பேருந்து நிலையத்துப் பக்கம் பரோட்டாக் கடைக்குத்தான் போனோம். ஆனால் அங்கே போவதற்கு முன், அடுத்த வாரம் நடந்த இன்னொரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும். புதுமை பார்ப்பது என்று கிளம்பிவிட்டால் முழுதும் பார்த்துவிட வேண்டாமா? லாரித் தோழர் இழுத்த இழுப்பில் புதுச்சேரிக்குப் போனோம். இரவு விடுதி ஒன்று. பாட்டு, ஆட்டம், வண்ண விளக்கு எல்லாம் உண்டென்றார்கள். வாசலில் கறுப்புச் சட்டைக் காவலர் (அந்தக் கறுப்புச் சட்டை வேறு, நம் கறுப்புச் சட்டை வேறு!) எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார், தையற்கடைத் தோழரின் வேட்டியைப் பார்த்தார், கையை நீட்டித் தடுத்தார். "வேட்டிக்கு அனுமதி இல்லை." தோழர் தாமே தைத்த சட்டை, சலவை செய்த வேட்டி, மணமகன் போல வந்திருந்தார்! கால்சட்டை போட்டவர்கள் கிழிந்த முழங்காலோடு உள்ளே போனார்கள். அது இப்போது நாகரிகமாம்.

2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்திலே, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்து மன்றத்தின் வாசலிலே, உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே வேட்டி கட்டியிருந்தார் என்று திருப்பி அனுப்பிய கதை நினைவிருக்கிறதல்லவா? நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. தமிழர் உடையில் வருபவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம். எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் அது பேசாது. நீதிபதிக்கு ஒரு சட்டம் பிறந்தது. தையற்காரருக்கு ஒரு கடற்கரை இருந்தது. போய் உட்கார்ந்தோம். காந்தி சிலையைச் சுற்றிக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. எங்கிருந்து வந்தவை தெரியுமா? நம் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டு போனவை! "நம் ஊர்த் தூணுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றார் தோழர். சிரித்தோம். சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

இனி, செஞ்சிப் பரோட்டாக் கடை. அதுவும் இரவு விடுதிதான். நம் பாட்டாளிகளின் இரவு விடுதி. கொத்துகிற தாளமே பாட்டு, கட்டணம் இல்லை, வேட்டியும் லுங்கியும் தாராளமாக நுழையலாம். கல்லின் முன்னே மாஸ்டர் வியர்வை சொட்ட மாவை வீசுகிறார். அவரும் நிற்பவர்தான். அனலில் நிற்பவர். ஆனால் அவர் கையிலே ஒரு வித்தை இருக்கிறது. முதலாளி முறைத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அடுத்த கடைக்காரர் முன்பணம் கொடுத்து வரவேற்பார். அதனால்தான் முதலாளி முறைப்பதில்லை.

பர்கர் கடைப் பையனுக்கு அந்த வசதி இல்லை. ஏன் இல்லை? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையை மூன்று மாதம் மூடிவிட்டுத் திருத்தி அமைத்தார்கள். பரிமாறுவோரை நீக்கினார்கள்; தட்டையும் கத்தியையும் நீக்கினார்கள்; சமையலைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். ஒருவன் வறுப்பான், ஒருவன் தடவுவான், ஒருவன் சுற்றுவான். பதினைந்து காசுக்கு, பதினைந்து சென்ட் அமெரிக்கக் காசுக்கு, பர்கர் கிடைத்தது. மலிவு, வேகம், சுத்தம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சமையற்கட்டிலே சமையற்காரன் மறைந்தான். சில நாளில் கற்றுக்கொள்ளும் வேலையைச் செய்பவனைச் சில நிமிடத்தில் மாற்றிவிடலாமே! வித்தையை இயந்திரத்துக்கும் முறைக்கும் கொடுத்தார்கள். தொழிலாளிக்கு நிற்கும் வேலையை மட்டும் கொடுத்தார்கள்.

நாம் உண்ட கடையிலே, கல்லாவுக்குப் பின்னால் ஓர் இளைஞர். பட்டம் படித்தவர். தொப்பியும் சிரிப்புமாக இருந்தார். கூட்டம் குறைந்தபோது ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். சற்றே சுவரில் சாய்ந்தார். மேலே இருந்த கேமராவைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்தார். "எப்போதிலிருந்து தம்பி நிற்கிறீர்கள்?" என்றோம். "பதினோரு மணியிலிருந்து அண்ணே." அப்போது இரவு ஒன்பது. "உட்கார?" அவர் சிரித்தார். "நாற்காலியெல்லாம் வாடிக்கையாளருக்கு அண்ணே."

நாற்காலியெல்லாம் வாடிக்கையாளருக்கு! தாத்தா பின்புறம் நின்றார், சாதி. பேரன் முன்புறம் உட்கார்ந்தார், வெற்றி. அந்த வெற்றியை உண்டு களிக்கும் கூடத்திலே இன்னொரு வீட்டுப் பிள்ளை பத்து மணி நேரம் நிற்கிறான். அன்று உட்காரவிடாத பலகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய பலகை தெரிவதில்லை. கேமராவாக மேலே தொங்குகிறது.

நிற்பதை எதிர்த்துச் சட்டம் வந்திருக்கிறது, வராமல் இல்லை. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் கேட்டார்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் திரட்டினார். 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஓட்டல் தொழிலாளிக்கு என்றே 1958இல், அந்தப் பலகை இறங்கிய அதே ஆண்டில், வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் தனிச் சட்டம் பிறந்தது. 2019இல் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று ஆணை வந்தபோதும், ஆளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மிகை நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணிதான் என்று கோடு போட்டார்கள். எந்தப் பிரிவு எந்தக் கடைக்கு என்று வாதாட வழக்கறிஞர் இருக்கிறார்கள். நாம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம். துணிக்கடையில் வலிக்கும் கால் ரொட்டிக் கடையில் வலிக்காதா?

நியூயார்க் நகரில் 2012 நவம்பர் 29ஆம் நாள், இப்படிப்பட்ட கடைகளின் தொழிலாளர் சுமார் 200 பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு வீதிக்கு வந்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலி வேண்டும், சங்கம் வேண்டும் என்றார்கள். வித்தை இல்லாதவன், எளிதில் மாற்றத்தக்கவன், இவன் எங்கே போராடப் போகிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவில் பெரிய துரித உணவுக் கடைகளின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் ஆயிற்று.

செஞ்சிக் கடையில் சங்கம் இல்லை. மொத்தம் நால்வர்தான் வேலைக்கு. ஆனால் நாங்களும் நால்வர்தானே! முதலாளியைத் தேடிப் பார்த்துப் பேசினோம். கெட்டவர் அல்லர், கடன் வாங்கிக் கடை போட்டவர். "உட்கார்ந்திருந்தால் சோம்பேறிக் கடை என்று வாடிக்கையாளர் நினைப்பார்களே" என்றார். "நாங்கள்தான் வாடிக்கையாளர். நினைக்கமாட்டோம்" என்றார் மூட்டை தூக்கும் தோழர். நிற்பதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? முதலாளி தலையைச் சொறிந்தார். பார்க்கிறேன் என்றார்.

பௌர்ணமியன்று இரவு மறுபடியும் போனோம். கிரிவலக் கூட்டம், கடை நிறைந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் உயரமான முக்காலி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன்மேல் ரொட்டிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இளைஞர் பக்கத்திலே நின்றுகொண்டிருந்தார். தையற்கடைத் தோழர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். "உட்காருங்கள் தம்பி. பிறகு எங்களுக்கு நான்கு கொடுங்கள்" என்றார்.