அது அலங்காரம் அன்று, உருது

"நினைவு, இழப்பு, மரணம்." சமகால அச்சோவியம் எதைப் பற்றிப் பேசினாலும் நம் கருத்தரங்குகளில் இந்த மூன்று சொற்கள் ஒட்டப்பட்டுவிடுகின்றன. யாருடைய நினைவு, எந்த ஊரின் இழப்பு என்று கேட்டால், "கலை உலகப் பொதுவானது" என்று விடை வருகிறது. ஜரீனா ஹாஷ்மியின் அச்சுகளைப் பொறுத்தவரை இந்த விடைக்குச் சோம்பல் என்று பெயர்.

ஜரீனா 1937இல் அலிகரில் பிறந்து 2020இல் லண்டனில் மறைந்தவர். 'வீடு ஓர் அந்நிய இடம்' என்று பொருள்படும் தலைப்பில் 1999இல் 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட தொகுதியை உருவாக்கினார். அதன் தொடக்கம் படத்தில் இல்லை. வீடு, வாசற்படி, தொலைவு என உருதுச் சொற்களைப் பட்டியலிட்டு, பாகிஸ்தானில் இருந்த எழுத்தணிக் கலைஞர் ஒருவரிடம் நஸ்தலீக் வடிவில் எழுதி வாங்கினார். படங்கள் அச்சொற்களுக்கு மறுமொழியாகப் பிறந்தவை. நாமோ படத்தை விரிவாகப் பேசிவிட்டு, சொல்லை 'காட்சி இழைநயம்' என்று கடந்துபோகிறோம்.

புனேயில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது இன்னும் விந்தை. வீட்டைக் குறிக்கும் உருதுச் சொல்லான 'கர்', பிராகிருத வழி வந்தது. மராத்தியிலும் அதே சொல்தான். இந்நகரில் ஒரு வாரம் தங்கியவருக்கும் அது காதுக்குப் பழகியிருக்கும். கண்ணுக்கு மட்டுமே புதிது. எழுத்து வேறு, மொழி வேறு என்பது மொழியியலின் முதல் பாடம். கலை விமரிசனத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு யார் அளித்தது?

2004இல் வந்த 'வீட்டிலிருந்து கடிதங்கள்' தொகுதியைப் பாருங்கள். தமக்கை ராணி உருதுவில் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்களே அதன் அடித்தளம். பெற்றோரின் மறைவும் வீடு விற்கப்பட்டதும் அவற்றில் உள்ளன. அந்த வரிகளின் மேல் வீட்டின் தரைப்படமும் ஊர்களின் வரைபடமும் அச்சாகியுள்ளன. மரணம் இங்கே 'கருப்பொருள்' ஆவதற்கு முன்பே செய்தியாக எழுதப்பட்டுவிட்டது. அதைப் படிக்காமலே மரணத்தைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்ற நம்மால் முடிகிறது.

வரிகளை அவரே ஓரளவு மறைத்திருக்கிறார், ஆகவே வாசிப்பு தேவையில்லை என்று ஒரு வாதம் உண்டு. மறைத்தல் என்பதற்கே, அடியில் வாசிக்கத்தக்க ஒன்று இருந்தால்தான் பொருள். அவர் மறைத்தது ஒரு தேர்வு. நாம் படிக்காமல் விடுவது அந்தத் தேர்வில் சேராது.

தமிழர்களான நமக்கு இது புரியாமல் போகக் காரணமே இல்லை. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் நூலாக வந்தது. போரால் இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்கள் அதில் உள்ளன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்த நூலைக் கையிலெடுக்கும் நம்மவர் எந்த ஊர், எந்த ஆண்டு இடப்பெயர்வு, கிணறு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பர். அதை 'உலகப் பொதுவான இழப்பு' என்று எவரேனும் முடித்துவைத்தால் நமக்குக் கோபம் வரும். அலிகர் வீட்டின் தரைப்படத்தின் முன் அதே கேள்விகள் எங்கே போயின?

என் கோரிக்கை சிறியது. ஜரீனாவின் அச்சுகளைத் திரையில் காட்டுவோர் படத்தின் கீழே அந்த உருதுச் சொல்லை ஒலிபெயர்த்து, பொருளோடு இடுங்கள். உருது படித்தவர் ஒருவரைத் துறைக்கு அழைத்துக் கடிதங்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கோட்பாட்டு உரையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.