மலைப்பாதையில் ஒரு பழைய வண்டி

"பழைய மோட்டார் வண்டியை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பானது" என்று என் சக ஆசிரியர் ஒருவர் அடிக்கடி கூறுவதுண்டு. அவர் அவ்வாறு கூறும்போதெல்லாம் நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதன் பின்னர் ஒரு நாள் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், உங்கள் வண்டி இன்னமும் ஓடுகிறதே, அதன் இரகசியம் என்ன?" என்று வினவினார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. எனினும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டறிந்த பின்னர் அவர் மீண்டும் அதே வினாவைத் தொடுத்தார். அவருக்கு அளித்த விடையை இவ்வாரம் வாசகர்களுக்கும் அளிக்க விழைகிறேன்.

எங்கள் வண்டி மொறிஸ் மைனர் வகையைச் சேர்ந்தது. என் தந்தையார் பதுளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தாயகம் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து அவர் அதனை விலைக்கு வாங்கினார். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் வடிவமைப்பில் 1948இல் வெளிவரத் தொடங்கிய இவ்வகை வண்டியே, பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் ஆகும். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் இவ்வண்டிகளைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். நன்கு செய்யப்பட்ட வண்டியை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பழுதுபார்த்து வந்தால், அதனைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டலாம் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் அந்நிலையத்துக்கு வேண்டிய தகட்டுப் பாகங்கள் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வண்டி செய்த நாட்டுக்கே நாம் உதிரிப்பாகம் அனுப்பிய கதை நம்மவரிற் பலர் அறியாதது.

நிற்க. இந்த ஞானமெல்லாம் எனக்குத் தொடக்கத்திலேயே வாய்த்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், பண்டாரவளையில் ஒரு திருமண வைபவத்தை முடித்துக்கொண்டு குடும்பத்துடன் பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாசனத்தில் என் தாயாரும் மனைவியும் இருந்தனர். மனைவியின் மடியில் ஐந்து வயது மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும், பதுளை ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலும் உள்ளன. வழி நெடுகிலும் இறக்கம். இறக்கம் நெடுகிலும் வளைவு. பெற்றோல் மிச்சமாகுமென்ற பேராசையில் மேல் கியரிலேயே வண்டியை உருளவிட்டு, பிறேக்கை மிதித்தபடியே வந்தேன். தெமோதரைக்குச் சற்று முன்னே ஒரு வளைவில் மிதித்தபோது, பெடல் எவ்விதத் தடையுமின்றித் தரைமட்டும் அமிழ்ந்துவிட்டது.

அந்தக் கணத்தை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. இடப்புறம் மண்மேடு, வலப்புறம் பள்ளத்தாக்கு. கைப் பிறேக்கை இழுத்து, இரண்டாம் கியரை வற்புறுத்திப் போட்டு, மண்மேட்டில் வண்டியின் விலாவை உராயவிட்டேன். தேயிலைச் செடியொன்று முன்சக்கரத்தில் சிக்கியது, வண்டி நின்றது. மகள் விழித்து, "வீடு வந்துவிட்டதா, அப்பா?" என்று கேட்டாள். ஒருவரும் விடை சொல்லவில்லை.

வியப்பு யாதெனில், அரை மணி நேரம் கழித்து அதே பெடல் கல்லைப்போல் உறுதியாக நின்றது! அவ்வழியே வந்த முதிய லொறிச் சாரதி ஒருவர் இறங்கி வந்து சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, பிறேக் ஒயில்ல தண்ணி பூந்திருச்சு. சூடாகிக் கொதிச்சிருக்கு. எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லதான் எறங்கணும்" என்றார். எத்தனையோ நூல்களைப் படித்த எனக்கு, அந்த மூன்று வாக்கியங்களே முதற்பாடமாயின.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண தரமான டொட் 3 வகைக்குப் புதிதாயிருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸாக இருத்தல் வேண்டும். ஈரமேறிய நிலையிலோ அது 140 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்தால் அந்த வெப்பம் எளிதில் உண்டாகும். ஒயில் கொதித்து ஆவிக்குமிழி தோன்றினால், நாம் மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்தைச் சென்றடையாது. ஆறியபின் குமிழி மறைந்து பெடலும் உறுதியாகிவிடும். "ஒன்றும் பழுதில்லை" என்று நம்மை ஏமாற்றுவதும் அதுவே. ஆதலால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பிறேக் ஒயிலை முற்றாக மாற்றுதல் வேண்டும். மொறிஸ் மைனரில் அந்த ஒயில் ஊற்றும் வாய், சாரதியின் காலடியில் விரிப்பின் கீழே மறைந்திருக்கிறது. நான் பல ஆண்டுகளாக அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்ததேயில்லை. நான் நம்பியிருந்த கராஜ்காரரும் பார்த்ததில்லை. ஆயினும் பிழையிற் பெரும்பங்கு என்னுடையதே.

அன்று முதல் நான் சில நியமங்களைக் கைக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே எஞ்சின் ஒயில், றேடியேற்றர் நீர், டயர்க் காற்று மூன்றையும் பார்ப்பேன். கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவேன். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன்சக்கர மூட்டுக்களுக்குக் கிறீஸ் ஏற்றுவேன். இவ்வகை வண்டியில் அதனை மறந்தால் மூட்டுத் தேய்ந்து சக்கரமே சரிந்துவிடக்கூடும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளச்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கி நிற்காமல், கைப் பிறேக்கைப் போட்டு நிற்பேன். கிளச் தட்டு அதனால் நீண்ட ஆயுள் பெறும். ஐப்பசி முதல் தை வரை நம் ஊவா மலைகளில் பெய்யும் மழை, சக்கரக் கவசங்களின் உள்ளே சேற்றை அப்பிவிடும். அச்சேறு காயாது ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே வண்டியின் முகத்தை மினுக்குவதற்கு முன் அதன் அடிவயிற்றைக் கழுவுதல் வேண்டும். செய்த வேலையையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் சாலச் சிறந்தது.

புது வண்டி வைத்திருப்போர் இவை தமக்குரியனவல்லவென எண்ணிவிடலாகாது. இக்காலத்து ஹைபிரிட் வண்டிகளிலும் பிறேக் ஒயில் உண்டு; அதுவும் ஈரம் உறிஞ்சும். மலை இறங்குவதற்கென அவற்றிற் பலவற்றில் 'பி' என்னும் நிலை தரப்பட்டிருக்கிறது. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. பின்னாசனத்தருகே பற்றறிக்குக் காற்று செல்லும் துவாரம் தூசியால் அடைபட்டால், பற்றறி சூடேறி அதன் ஆயுளும் குறையும்.

இத்தனை பாடும் எதற்காக என்று கேட்கலாம். 2022 ஆடி மாதத்தில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் இரவு பதினொரு மணியளவில், நமுனுகுல மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவன் தொலைபேசியில் அழைத்தான். "சேர், இவளுக்கு வலி கண்டிருச்சு. லொறியில டீசல் இல்லையாம் சேர்" என்றான். குரல் நடுங்கியது. என் வண்டி மூன்று வாரமாக வெளியே சென்றதில்லை. ஆயினும் வாரந்தோறும் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி வந்தேன். அவசரத்துக்கென ஒரு கலன் பெற்றோலும் தாங்கியில் இருந்தது. திறப்பைத் திருகி விசையை இழுத்ததும் எஞ்சின் விழித்துக்கொண்டது.

லயத்து வாசலில் அப்பெண்ணை ஏற்றிக்கொண்டு, மூடுபனியினூடே ஏழு மைல் தூரத்தையும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பெடல் உறுதியாக நின்றது. பின்னால் அவள் முனகல் கேட்கும்போதெல்லாம் தெமோதரை வளைவு என் கண்முன் தோன்றியது. பதுளை ஆஸ்பத்திரியில் விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

என் சக ஆசிரியர் சொன்ன யானைக் கதையை நான் இப்போது மறுப்பதில்லை. யானைக்குத் தீனி வேண்டியதுதான். ஆனால் ஆற்றில் வெள்ளம் வரும் நாளில் நம்மைச் சுமந்து அக்கரை சேர்க்கவேண்டியதும் அந்த யானையே. இன்று மாலை வாசகர்கள் தத்தம் வண்டியின் பிறேக் ஒயில் எப்போது மாற்றப்பட்டதென்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக. நினைவுக்கு வராவிடின், அதுவே மாற்றவேண்டிய தருணம் வந்துவிட்டதென்பதற்குப் போதிய சான்றாகும்.