அவரைக்கு வேண்டியது இருட்டு

ஆகஸ்ட் வந்தால் லண்டனில் தோட்டம் போடும் நம்மாட்களிடம் ஒரே புலம்பல்: "அவரைக்கொடி வேலி தாண்டிப் போயிடுச்சு, ஒரு பூவைக் காணோம்." உடனே உரத்தைக் கொட்டுகிறார்கள். இலைதான் இன்னும் பெருகும்! என்னைக் கேட்டால், குறை மண்ணில் இல்லை, வெளிச்சத்தில்.

பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். எங்கள் திருவனந்தபுரத்தில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி நேரம்தான். ஆடியில் விதைத்தால், பகல் குறுகக் குறுக அது பூவுக்குத் தயாராகிவிடும். லண்டனிலோ ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். செப்டம்பர் கடைசியில்தான் இரவும் பகலும் சமம். அப்புறம் மொட்டு விட்டுக் காய்ப்பதற்குள் குளிர் கொடியைக் கருக்கிவிடும்.

இரவை அளப்பது இலை, பூப்பது நுனி. நடுவே ஏதோ தூது போகிறது என்று 1930களிலேயே சோவியத் விஞ்ஞானி சைலக்யான் சொல்லி, ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அது எஃப்.டி. என்கிற புரதம் என்று ஆய்வுகள் காட்டியது 2007இல். (எழுபது வருஷம் சார்!)

அதனால் அம்மா தந்த விதை என்று பாசத்தில் பந்தல் அவரையை நடாதீர்கள். பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத குத்து அவரை இருக்கிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அந்த ரகம். (விதை கொண்டுவரச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) இல்லை, அம்மாவின் அவரைதான் வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள். ஜூலையிலிருந்து தினமும் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை கறுப்புத் துணியால் மூடுங்கள்.