வாசனை அடிக்கும் முன்னாடி மோப்பம் பிடிக்கணும்

லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வந்தா எங்க வீட்ல ரூம் ஸ்பிரே தயாரிப்பு நடக்கும். கடையில வாங்கினா என்னன்னு கேப்பீங்க. காசு மிச்சம் பண்ண இல்லீங்க. பிள்ளைங்களோட மூக்கைப் பழக்கத்தான்.

செய்முறை சுலபம்தான். வெட்டிவேர் ஒரு கைப்பிடி எடுத்து மண்ணு போக அலசணும். எலுமிச்சைப்புல் நாலஞ்சு தாள், ரெண்டு எலுமிச்சம்பழத் தோல். அரை லிட்டர் தண்ணியைப் பெரியவங்க கொதிக்க வச்சு இறக்கி, எல்லாத்தையும் அதுல போட்டு ராத்திரி முழுக்க மூடி வைக்கணும். காலையில துணியில வடிகட்டி ஸ்பிரே பாட்டில்ல ஊத்தினா வேலை முடிஞ்சது. வெள்ளைத் துணி மேல அடிச்சிராதீங்க, கறை விழும். கெடாம இருக்க இதுல ஒண்ணும் சேர்க்கலை. அதனால ரெண்டு மூணு நாள்ல கொட்டிட்டு புதுசாப் போடணும்.

ஆனா அடுப்புப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை உண்டு. பிள்ளைங்க வீடு பூரா மோப்பம் பிடிச்சுட்டு வரணும். எங்கே வாடை வருது, எதனால வருதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். மூலையில நனைஞ்ச சாக்கு, சலதாரையில அடைச்சுக் கிடக்கிற சோறு, வெயில் காணாத தலகாணி. சாக்கை வெயில்ல போட்டு, சலதாரையைக் கழுவி விட்டாலே பாதி நாத்தம் போயிரும். மிச்சத்துக்குத்தான் ஸ்பிரே.

"கட்டுத்தரை வாசத்துக்கும் அடிக்கலாங்களா அப்புச்சி?"ன்னு சின்னவ கேட்டா. வேண்டாம் கண்ணு, அது எனக்குச் சேதி சொல்ற வாசம்னேன். நல்லாத் தின்ன மாட்டுச் சாணி வாசம் வேற, கழிச்சல் கண்ட மாட்டுச் சாணி வாசம் வேற. அதைப் பிரிச்சு அறியத் தெரியாதவன் மாடு வளர்க்க முடியாது.

வாசம்ங்கறது ஒரு தாக்கல். அதை வாங்கிக்காம மேல சென்ட்டைத் தெளிக்கிறது, தபாலைப் படிக்காமலே கிழிச்சுப் போடற மாதிரி. சமையல் கேஸுக்குச் சொந்தமா வாடை கிடையாதுன்னே சொல்லலாம். கசிஞ்சா தெரியட்டும்னுதான் அந்தக் கெட்ட வாடையைச் சேர்த்து விடறாங்க. அது வந்தா சுவிட்சைத் தொடாம ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறக்கணும். தானியக் குடோன்ல வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் அப்படித்தான். ஈரக்காத்து பட்டா பாஸ்பீன்ங்கற விஷ வாயு கிளம்பும். பூண்டு மாதிரி, அழுகின மீன் மாதிரி வாடை வரும். வாடை வரலைன்னா ஆபத்தில்லைன்னும் நம்பக் கூடாது. குடியிருக்கிற வீட்ல வைக்கவே கூடாத சாமான் அது.

பாட்டில் விஷயத்துல நான் ரொம்பக் கறார். மருந்தடிச்ச கைத்தெளிப்பானை எத்தனை தடவை கழுவினாலும் இதுக்கு எடுக்கக் கூடாது. புதுசு வாங்குங்க. பூச்சிமருந்து டப்பாவுல இருக்கிற முக்கோணத்தையும் அப்பவே சொல்லிக் குடுத்திரலாம். சிவப்புன்னா கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியா பச்சை. பச்சைன்னாலும் அது மருந்துதான், விளையாட்டுச் சாமான் இல்லை. நாம செஞ்ச ஸ்பிரே மேலயும் பேரு, தேதி எழுதி ஒட்டச் சொல்லுங்க. பேரில்லாத பாட்டில் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு அந்தக் கை பழகிக்கும்.

"இயற்கைதானே"ன்னு கண்டதையும் போட விடாதீங்க. அரளியும் ஊமத்தையும் இயற்கைதான். கற்பூரம் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தை வாயில போட்டா வலிப்பு வரும்.

வாசனையா இருக்கிற வீடெல்லாம் சுத்தமான வீடு இல்லீங்க. இந்த ஒண்ணு பிள்ளைங்களுக்குப் புரிஞ்சாப் போதும், ஸ்பிரே சுமாரா வந்தாலும் பரவாயில்லை. உங்க வீட்ல நீங்க என்ன போடறீங்கன்னு சொல்லுங்க. மருவு, மரிக்கொழுந்து போட்டுப் பார்த்தவங்க இருந்தா எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க.